முதல் கை மீன்

1963-இல் சிதம்பரத்திலிருந்து கடலூர்க் கடற்கரைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த அமராவதி டீச்சர், வலையில் சிக்கிய மீனை இரக்கப்பட்டுக் கடலிலேயே விட்ட மீனவனின் கதையைச் சொன்னாள்.

"மீன வுட்டுட்டா வூட்ல என்னா துன்னுவாங்க டீச்சர்?" என்றான் பூவராகன். வகுப்பே சிரித்தது.

அமராவதி அசரவில்லை. கதை எடுபடவில்லையென்றால் கதையைத்தான் மாற்ற வேண்டும், பிள்ளைகளை அல்ல என்பது அவள் கட்சி. அன்று காலை கரையில், பங்கு பிரிக்கும் முன்பே, கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் கூடையில் மீனவர்கள் முதல் கை மீனை, அள்ளிய முதல் பிடியை, போட்டதை அவள் பார்த்திருந்தாள்.

"சரி, மீன வுடல. அப்ப அந்த மீனே கேட்டுச்சாம், 'என்னைப் புடிச்சிட்ட, முதல் கை யாருக்கு?'ன்னு."

போன ஐப்பசியில் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த குப்பு எழுந்தாள்.

"எங்க வூட்டுக்கு டீச்சர்" என்றாள், தலை குனியாமல்.