மலைமேல் ஒரு கடல்

என் வீட்டுக்காரருக்குக் கடல் பைத்தியம். இருக்கிற கடல் அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல். இன்று மலை நிற்கிற இடத்தில் அன்று ஒரு நீரிணை ஓடி, கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் சேர்த்தது என்று கல்யாணமான நாளிலிருந்து என் உயிரை வாங்கியவர். ஒரே ஆய்வகத்தில் இருவருக்கும் வேலை. மலைக்கல்லைக் கரைத்துச் சலித்து, உப்புத்தூளைவிடச் சிறிய கடலுயிர்களின் ஓடுகளைத் தேடுவோம். எங்கள் பேச்சில் அவை சிப்பி. போன வருடம் அவரே சலித்து, அவரே பொறுக்கி, ஒரு சிட்டிகை சிப்பி எடுத்துவிட்டார். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. படம் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று பூட்டியும் வைத்தார்.

அப்போதுதான் நான் ஆசை ஆசையாக ஒரு நீல ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"சாம்பல் பூனை வந்தாச்சு!" என்றார்.

"கண்ணு என்ன பின்னாடியா இருக்கு? நீலங்க இது!"

சிரித்தார். பூனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு பார்வையே போய்விட்டது. கண் நரம்பு கெட்டுவிட்டதாம், இனித் திரும்பாதாம். அவர் சொல்லச் சொல்லக் கட்டுரையை நான் எழுதினேன். அது ஒன்றுதான் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. படம் மட்டும் பாக்கி.

இன்று அந்தச் சிப்பிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எல்லாமே நீலம்.

ஒவ்வொரு கல்லையும் சலிக்கும் முன் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவோம். முந்தைய கல்லின் சிப்பி துளையில் சிக்கியிருந்தால், நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இவை வேறு ஏதோ கல்லின் மிச்சம். அந்த மலையில் கடல் இருந்ததற்குச் சாட்சியே இல்லை. பச்சைப்பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடுமே, இவர் எப்படி? இந்த நோயில் சிலருக்கு நீலம்தான் முதலில் மங்கும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பூனை, என் கடல் எப்படி இருக்கு?"

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு சிப்பிக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவாரே என்று பயமாகவும் இருந்தது.

"எல்லாம் நீலங்க."

அவர் கை காற்றில் துழாவி என் தோளைப் பிடித்தது. நான் போட்டிருந்த அதே ஸ்வெட்டரைத் தடவினார்.

"அப்ப இதுவும்?"

"இதுவுந்தாங்க."

"அடடா," என்றார். "உனக்கு நல்லா இருந்திருக்குமே. நான் பாக்கவே இல்லியே."