இரண்டு காலிலும் ஒரே மாதிரி

காலில் அரிப்பு வந்த பிறகுதான் தன்னைச் சுற்றி இத்தனை வைத்தியர்கள் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் பஸ் கண்டக்டர். காலை ஐந்தரைக்கு டிப்போவில் வண்டி ஏறினால் மதியம் இரண்டு மணி வரை நின்றபடிதான் வேலை. பாதத்தின் மேல்பக்கம் முதலில் லேசாகச் சிவந்தது. பிறகு பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பியது. ஒரே வாரத்தில் அது உடைந்து நீர் கசிய ஆரம்பித்துவிட்டது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பாள். "என்ன கண்டக்டரம்மா, டான்ஸ் பழகறீங்களா?" என்று கேட்ட ஒரு பயணியை, அவர் இறங்கும் வரை முறைத்துக்கொண்டே வந்தாள்.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் பழக்கம்.

"அழுக்குதாம்மா. பிரஷ் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவு, சரியாப் போயிடும்."

"தினமும் ரெண்டு வேளை குளிக்கிறேன். உங்க காலை நீங்க என்னிக்காவது தேய்ச்சிருக்கீங்களா?"

கேட்டாளே தவிர, அன்று மாலையே ஒரு பக்கெட் வெந்நீரில் கிருமிநாசினியை ஊற்றி, துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்தாள். அடுத்த நாள் சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

மாடியில் குடியிருந்த அண்ணி, அதாவது கணவரின் அக்கா, ஒரு கிண்ணத்தில் பூண்டு அரைத்து எடுத்து வந்தார்.

"அரை மணி நேரம் அப்படியே விட்டுடணும். சுருக்குன்னு இருக்கும். இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சுருக்கென்று இல்லை, சூடு வைத்தது மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் அலறிக்கொண்டு ஓடிப்போய்க் கழுவினாள். தோல் வெந்து போயிருந்தது.

"அவசரப்பட்டுக் கழுவிட்ட. அதான்," என்றார் அண்ணி.

மருந்துக்கடைக்காரர் அவள் காலைப் பார்க்கவே இல்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்தபடியே, "கால்ல அரிப்புன்னா பூஞ்சைதான், வேற என்ன?" என்று ஒரு ட்யூபை நீட்டினார். இருபது நாள் தடவினாள். ட்யூப் தீர்ந்ததுதான் மிச்சம். பஸ் டிரைவர் தன் பங்குக்கு, "சுகர் பாத்தீங்களா?" என்றார். ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். சர்க்கரை இல்லை.

"அப்ப டென்ஷனா இருக்கும்."

"இதுவரைக்கும் இல்ல. இப்பதான் வருது," என்றாள்.

நடுவில் ஒரு வாரம் லீவு போட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே எந்த மருந்தும் போடவில்லை. போன நான்காம் நாளே கசிவு நின்று, தோல் உலர ஆரம்பித்தது. திரும்பி வந்ததும் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "பூண்டு மெதுவாதான் வேலை செய்யும்," என்று பேரைத் தட்டிக்கொண்டு போனார். வேலைக்குப் போன இரண்டாம் நாள் பழையபடி பற்றிக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்தவள், கண்ணில் பட்ட ட்யூப், பாட்டில், கிண்ணம் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்க மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அதிகம் பேசாத அம்மா. பிரஷ், பூண்டு, பூஞ்சை ட்யூப் என்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு விரலாகப் பிரித்து இடுக்கைப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு காலையும் சேர்த்து வையுங்க," என்றார்.

சேர்த்து வைத்தபோதுதான் அவளும் கவனித்தாள். சிவப்பு இரண்டு காலிலும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில், வரைந்து வைத்ததுபோல் இருந்தது.

"பூஞ்சைன்னு யார் சொன்னா? விரலிடுக்குல ஒண்ணுமே இல்லையே." டாக்டர் தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார். "பூஞ்சை இல்ல. வேலைக்குப் போகும்போது காலுக்கு என்ன போடறீங்க?"

"கம்பெனி கொடுத்த ஷூ. தோல் ஷூ."

"லீவுல?"

"பிளாஸ்டிக் செருப்பு."

"கம்பெனி ஷூ எப்ப கொடுத்தாங்க?"

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். மூன்று மாதமாக அந்த ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டே ஊரெல்லாம் மருந்து தேடியிருக்கிறாள்.

"எனக்கே தோணியிருக்கணும் டாக்டர்."

"யாருக்குமே தோணாது. கழுவினது, தேய்ச்சது, பூண்டு எல்லாம் சேர்ந்து இன்னும் மோசமாக்கியிருக்கு. எல்லாத்தையும் நிறுத்துங்க, ஷூவையும் சேர்த்து. இந்த ஆயின்மென்ட் ரெண்டு வேளை, மெல்லிசா, ரெண்டு வாரம். அதுக்கு மேல நீங்களா வாங்கிப் போடாதீங்க. குளிச்சதும் ஈரப்பசை கிரீம். புண் ஆறினதும் டெஸ்ட் எடுக்கலாம்."

ஆறியதும் முதுகில் சின்னச்சின்னக் கட்டங்களாக மருந்துப் பட்டைகளை ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. பிரித்தபோது ஒரே ஒரு கட்டம் சிவந்து தடித்திருந்தது. தோல் பதனிடும்போது சேர்க்கிற ஒரு உப்பாம். அதுதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அழுக்கு இல்லையா?" என்றார் கணவர். அவள் துணி துவைக்கிற பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கால் ஆறியாயிற்று, தொல்லை விட்டது என்று நினைத்தாள். டிப்போ மேனேஜர் விடவில்லை. யூனிஃபார்ம் ஷூ போடாமல் செருப்போடு வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ கொடுத்திருந்தார். டாக்டரின் கடிதத்தை மேலும் கீழும் படித்துவிட்டு, "ரூல்ல கறுப்புத் தோல் ஷூன்னு இருக்கேம்மா," என்றார்.

"கறுப்பாவே போடறேன் சார். துணி ஷூ."

"துணின்னு ரூல்ல இல்லையே."

"கறுப்புன்னு இருக்குல்ல சார்?"

"தோல்னும் இருக்கே."

இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வெடித்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எதிரில் கிடந்த நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். பாதத்தின் மேல் கன்றிப்போன தழும்பு பட்டை பட்டையாகத் தெரிந்தது.

"பாருங்க சார், நல்லா பாருங்க. அழுக்குன்னாங்க, சுகர்ன்னாங்க, டென்ஷன்னாங்க. கடைசியில உங்க ஷூ. இன்னும் ரூலா?"

மேனேஜர் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, குனிந்து, தன் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒரு நிமிஷம் இதைப் பாரும்மா." சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து, நீரில் ஊறியதுபோல் உரிந்திருந்தது. "இதுவும் ஷூவாலதானா? மச்சினன் ஒரு கிரீம் கொடுத்தான். போட்டா அரிப்பு நிக்குது, விட்டா திரும்ப வருது."

"சார், நான் கண்டக்டர்!"

"அது தெரியும்மா. சும்மா சொல்லேன்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் பார்த்தாள். "எனக்கு விரலிடுக்குல ஒண்ணும் இல்லைன்னுதான் டாக்டர் பூஞ்சை இல்லைன்னாங்க. உங்களுக்கு அங்கேதான் இருக்கு. மச்சினனை விட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. காலையில ஏழு மணிக்கே டோக்கன் வாங்கிடுங்க."

அவளுக்கு அனுமதிக் கடிதம் அன்றே கிடைத்தது. மேனேஜரும் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்குப் பூஞ்சையேதான். அரிப்பு நின்ற பிறகும் விடாமல் மொத்தம் நான்கு வாரம் மருந்து போடச் சொல்லியிருக்கிறார்கள், குளித்ததும் இடுக்கைத் துடைத்து உலர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் டிப்போ வாசலில் அவள் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாகச் சொன்னார். பயணிகள் எல்லோரும் கேட்டார்கள்.

அன்று மதியம் டூட்டி முடிந்து இறங்கியபோதுதான் அனுமதிக் கடிதத்தை முழுசாகப் படித்தாள். கடைசி வரியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும் என்று இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனாள்.

"சார், இந்த அலர்ஜி ஆயுசுக்கும் போகாதுன்னு டாக்டர் எழுதியே கொடுத்திருக்காங்க."

"ஃபார்ம் அப்படித்தாம்மா இருக்கு. நான் என்ன பண்ண?"

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப ஃபார்மை மாத்துங்க. நான் இருக்கேன்."