அண்ணன் ஒதுக்கீடு

செவ்வாய்க்கிழமை காலையில் கேத்தோவுக்கு ஓர் அண்ணன் வந்து சேர்ந்தார். இரண்டு அலுவலர்கள் பீரோவைத் தூக்குவது போல அவரைச் சற்றே சாய்த்துப் படியேற்றிக் கொண்டுவந்தார்கள். திருப்பத்தில் தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவில் நிறுத்தி, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார்கள்.

"பேரு கெனாடி. ரஷ்யர்," என்றார் உயரமான அலுவலர். "உங்க வீட்டுக்கு ஒதுக்கியிருக்கு."

கேத்தோவின் தாய் மனானா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு ஒரே பொண்ணுதான்."

"அது உங்க கணக்கு. இவர் உங்க மூத்த பிள்ளை."

"எனக்கே நாற்பத்தாறு வயசுதான் ஆகுது."

"இவருக்கு நாற்பத்தெட்டு. அதனாலதான் மூத்தவர்."

மனானாவுக்கு இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சட்டென்று பிடிபடவில்லை. ஜார்ஜியாவின் அந்த மலையூரில் போன குளிர்காலத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் அண்ணன் கொடுத்துவந்தார்கள். மலைக்கு அப்பால், ரஷ்யாவிலிருந்து வந்த சகோதர மக்கள் அலுவலகத்தின் வேலை அது. உயரமான அலுவலர் மட்டும் இந்த ஊர்க்காரர். சம்பளம் நன்றாக இருந்ததால் சேர்ந்துவிட்டார்.

"வேண்டாம்னு சொன்னா?" என்றாள் கேத்தோ.

"அண்ணன் வேண்டாம்னு சொல்ற தங்கச்சிய எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது அடுத்த வீட்டு அண்ணனுக்குத் தேவைப்பட்டது.

கேத்தோ மாலை வகுப்பில் நில அளவை படித்துவந்தாள். அளக்காமல் எதையும் நம்ப மாட்டாள். அளந்த பிறகும் அவ்வளவாக நம்ப மாட்டாள். நாடாவை எடுத்து அண்ணனின் உயரத்தையும் தோளகலத்தையும் அளந்தாள். ஆள் இருந்தார்.

முதல் நாள் கெனாடி கூச்சமாகத்தான் இருந்தார். ரஷ்ய மொழி மட்டுமே பேசினார்; கேத்தோ அதைப் பள்ளியில் படித்திருந்தாள்.

"எனக்கே நேத்துதான் சொன்னாங்க. வோல்கா ஆத்துப் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருந்தேன். நான் இல்லாம தங்கச்சி தவிக்கிறான்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"நான் தவிக்கலையே."

"ரொம்பத் தவிக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்களாம். அதையும் சொல்லித்தான் அனுப்பினாங்க."

மறுநாள் காலையில் அடுப்படி சிறுத்திருந்தது. கெனாடி படுத்திருந்த கூடம் அதே அளவு நீண்டிருந்தது. அவர் கால் நீட்டிய திசையில் சுவர் மரியாதையாக ஒதுங்கியிருந்தது. கேத்தோ அளந்தாள். நாடாவின் மேல் சந்தேகம் வந்தது. வேறு நாடா வாங்கி அளந்தாள். இப்போது இரண்டு நாடாவின் மேலும் சந்தேகம் வந்தது.

மாலை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டாள்.

"சுவர் நகராது," என்றார் ஆசிரியர். "நாடாதான் நீண்டிருக்கும்."

"ரெண்டுமா?"

"மழைக்காலம்."

ஆசிரியரின் வீட்டில் இப்போது அடுப்படியே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வகுப்பறையில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சுவரிலிருந்த புகைப்படங்களில் கெனாடி வந்துவிட்டார். தொட்டிலில் கேத்தோ, தொட்டிலுக்குப் பின்னால் கம்பளிக் கோட்டில் அவர். ஒரு கை தொட்டிலின் விளிம்பில் இருந்தது. ஆட்டுகிறாரா, அழுத்துகிறாரா என்று சொல்ல முடியவில்லை. அன்று மதியம் வால்நட் அரைத்து விட்ட சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இது எங்க வீட்டு சூப்பு."

"எந்த வீட்டு?" என்றாள் கேத்தோ.

"நம்ம வீட்டு. அதாவது, எங்க வீட்டு. உங்களுக்குக் கத்துக்கொடுத்ததே நான்தான். நல்லாத்தான் செய்றீங்க, உப்பு மட்டும் போதல."

கேத்தோ கீழ்வீட்டு ஓத்தாரிடம் யோசனை கேட்கப் போனாள். அவருக்கு வசந்தத்திலேயே அண்ணன் கொடுத்துவிட்டார்கள். ஓத்தார் வாசலை ஒட்டிக் கோட்டு ஸ்டாண்டாக நின்றார். கைகளில் மூன்று கோட்டுகள் தொங்கின. தலையில் ஒரு தொப்பி. அது அவருடையது அல்ல.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"குறையில்ல. யாரும் என்கிட்ட கருத்து கேக்கறதில்ல."

"நீங்க ஒண்ணும் எதிர்த்துப் பேசலையா?"

"பேசலாம்னுதான் கையத் தூக்கினேன். கோட்ட மாட்டிட்டாங்க."

அறை போனாலும் சூப்பு போனாலும் கேத்தோ தாங்கியிருப்பாள். அந்த ஊரில் தாய் தன் பிள்ளையைக் கொஞ்சும்போது 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். ஆணானாலும் பெண்ணானாலும் அப்படித்தான். பிறந்த நாளிலிருந்து மனானா கேத்தோவை அப்படித்தான் கூப்பிட்டுவந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் மனானா தேநீர் ஊற்றினாள்.

"அம்மா, சூடா இருக்கு. பாத்துக் குடி."

கேத்தோ கையை நீட்டினாள். கோப்பை அவளைக் கடந்து கெனாடியிடம் போனது.

மனானா பிறகு கேத்தோவின் பக்கம் திரும்பி, விருந்தாளியிடம் பேசும் குரலில் கேட்டாள்: "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?"

கேத்தோ அலுவலகத்துக்குப் போனாள். அவள் நடக்க நடக்க நடைவழி நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. கடைசியில் பின்பக்கமாக நடந்து பார்த்தாள். புகார் வாங்கும் ஜன்னல் வந்துவிட்டது. உள்ளே உயரமான அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் மேல புகார் கொடுக்கணும்."

"அண்ணன் மேல புகார்னா அண்ணன்தான் கொடுக்கணும்."

"தன் மேலயே யாராவது புகார் கொடுப்பாங்களா?"

"அதான் இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல. எங்களுக்கே பெருமையா இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்க மேல ஒண்ணு வந்திருக்கு. அம்மாகிட்ட ஜார்ஜிய மொழியில பேசி அண்ணன் மனசப் புண்படுத்தறீங்களாம்."

"அது எங்க மொழி. உங்க மொழியும்தான்."

"எனக்குப் புரியறது வேற விஷயம். அவருக்குப் புரியலையே? சொந்த வீட்லயே ஒரு மனுஷன் ஒதுக்கப்படறார்."

"அது அவர் வீடு இல்ல."

"பாத்தீங்களா, இப்பவும் ஒதுக்கறீங்க." அவர் பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கிழமை விருந்து வைங்க. நாங்க ரெண்டு பேரும் வர்றோம். விருந்து முடியும்போது உங்கம்மா யாரத் தன் பிள்ளைன்னு கூப்பிடறாங்களோ, அவங்கதான் பிள்ளை. இன்னொருத்தர காகிதம் சுத்தி எடுத்துட்டுப் போயிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை மேசையை அடுப்படியில் போட முடியவில்லை. அடுப்படியில் இப்போது அடுப்பு மட்டுமே நிற்க முடிந்தது. கூடத்தில் போட்டார்கள். மேசையின் தலைவர் இடத்தில் கெனாடி உட்கார்ந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அந்த நாட்டு விருந்துக்கு ஒரு முறை உண்டு. தலைமை ஏற்றவர் கோப்பையைத் தூக்கி வாழ்த்துரை சொல்வார். அவர் விரும்பினால் பேச்சை இன்னொருவரிடம் கொடுப்பார். அந்த இன்னொருவர் முடிக்கும்வரை யாரும் குடிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, கிளம்பவும் கூடாது. தலைவருக்குக் கோப்பை கிடையாது, ஆட்டுக்கொம்புதான். அதன் அடி கூர். திராட்சை மது நிரம்பிய கொம்பைக் குடித்துத் தீர்க்காமல் எங்கேயும் வைக்க முடியாது.

கெனாடி இருப்பதிலேயே பெரிய கொம்பை எடுத்து நிரப்பினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"உங்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தோம்," என்றார். "விளக்கு கொடுத்தோம். எழுதக் கத்துக்கொடுத்தோம்."

ஜன்னல் வழியே தெரிந்த தேவாலயத்துக் கல்லெழுத்து அவருடைய ஊரைவிட மூத்தது. அது ஒன்றும் சொல்லவில்லை.

"இத்தனைக்கும் நான் எதையும் எதிர்பாக்கல," என்று முடித்தார் கெனாடி. "நன்றி மட்டும்தான். இப்ப தங்கச்சி பேசட்டும்."

பேச்சு கேத்தோவிடம் வந்தது. அவள் தன் கோப்பையைத் தூக்கினாள்.

"போய்ச் சேந்தவங்களுக்கு," என்றாள் ஜார்ஜிய மொழியில்.

"என்ன மொழியில பேசறா?" என்றார் கெனாடி.

"விருந்துல பேசலாம்," என்றார் உயரமான அலுவலர். "ஆட்டம், பாட்டு, விருந்து இதெல்லாம் கலாச்சாரம். அனுமதி இருக்கு."

இறந்தவர்களைச் சொல்லும்போது ஒவ்வொரு பெயருக்கும் ரொட்டியின் மேல் ஒரு சொட்டு மது விட வேண்டும். கேத்தோ அப்பாவிலிருந்து தொடங்கினாள். லாரி ஓட்டினார், பாட வராது, ஆனாலும் பாடினார். பிறகு அவருடைய அப்பா, அவருடைய அண்ணன், தம்பி, தம்பியின் முதல் மனைவி. இரண்டாம் மனைவியை முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ என்று சந்தேகம் வந்தது. முதலிலிருந்து தொடங்கினாள்.

ஜன்னலில் வெளிச்சம் போய்த் திரும்பி வந்தது. கெனாடி கொம்பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். கொம்பை வைக்க இடம் தேடினார். அடி கூராகவே இருந்தது.

"முடிச்சிட்டாளா?"

"அம்மா பக்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்றார் அலுவலர். அவருக்கும் கால் வலித்தது. ஆனால் இந்த ஊரில் வளர்ந்தவர். உட்காரத் தெரியவில்லை.

புதன்கிழமை வாக்கில் அடுப்படி தன் பழைய அளவுக்கு வந்திருந்தது. கேத்தோ அளக்கவில்லை. கீழ்வீட்டில் கோட்டுகள் தொப்பென்று தரையில் விழும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஓத்தார் மேலே வந்து, சொந்தத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றவர்களோடு நின்றார்.

"தீனா பெரியம்மா," என்றாள் கேத்தோ. "ஆத்துல விழுந்து போனவங்க."

"அவ ஆத்துல விழல," என்றாள் மனானா. வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "ஆத்துக்குத் தண்ணி எடுக்கப் போனவ, வழியிலேயே ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா."

"அப்ப உயிரோட இருக்காங்களா?"

"இல்ல. ஆனா ஆத்துல இல்ல."

கேத்தோ திருத்திக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு பெயர்தான் மிச்சம் இருந்தது. அதையும் சொன்னாள். பெயர்கள் தீர்ந்துபோயின. மௌனம் கெனாடிக்கும் புரியும் மொழி. அவர் கொம்பை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அம்மா," என்றாள் மனானா.

கெனாடி திரும்பினார். மனானா கேத்தோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர விட்டுட்டியே அம்மா."

"யார?"

"கெனாடிய."

மனானா ரொட்டியின் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

"நல்ல பையன். பெத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நல்ல பையன். வோல்கா பக்கம் சைக்கிள் கடை வச்சிருந்தான்."

அந்த ஜார்ஜியப் பேச்சில் தன் பெயரும் வோல்காவும் மட்டும் கெனாடிக்குப் பிடிபட்டன. அவர் முகம் மலர்ந்தது. கண் நிறைந்தது.

"என்னப் பத்தித்தான் சொல்றாங்க," என்று அலுவலரிடம் கிசுகிசுத்தார். "கடைசியில நன்றி சொல்லிட்டாங்க. இல்லையா?"

உயரமான அலுவலர் தலை குனிந்து தன் ரொட்டியின் மேல் ஒரு சொட்டு விட்டார்.

கெனாடி கொம்பை நெஞ்சோடு அணைத்து எல்லோருக்கும் தலை வணங்கினார்.

அவரை அப்பா பக்கம் சேர்ப்பதா, அம்மா பக்கம் சேர்ப்பதா என்று கேத்தோவுக்குச் சந்தேகம் வந்தது. முதலிலிருந்து தொடங்கினாள்.