படத்தில் இல்லாத வண்டிகள்

கரையோரத் தெருவில் அந்த நாற்பது மாடிக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் ஒரு மேசையின் மேல் எழும்பியது. எழுப்பியவன் அட்டைக்காரன். அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் கட்டடங்களின் மாதிரி செய்து பிழைப்பவனுக்கு வேறென்ன பட்டப்பெயர் கிடைக்கும்? கை சுத்தம், வேலை சுத்தம். வாய்தான், எப்போது திறக்க வேண்டுமோ அப்போது பார்த்து மூடிக்கொள்ளும்.

இந்த முறை கட்டட நிறுவனம் இரண்டு மாதிரிகள் கேட்டிருந்தது. ஒன்று, வரப்போகும் கோபுரம். இன்னொன்று, தெரு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே. இரண்டாவது நகராட்சிக்குப் போகும். கூடவே 'உள்ளது உள்ளபடி' என்று செய்தவன் கையெழுத்தும் போட வேண்டும்.

மாதிரி செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருவைப் படம் எடுக்க விடுமுறை நாளில் விடியற்காலையில் போவார்கள். அப்போதுதான் ஆளோ வண்டியோ குறுக்கே நிற்காது. சுவரும் நடைபாதையும் முழுசாகத் தெரியும். பிறகு, படத்தில் இருப்பதைச் செய்ய வேண்டும், இல்லாததைச் செய்யக் கூடாது. தொழிலின் முதல் பாடமே இதுதான். அட்டைக்காரனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய் இருநூறு படம் எடுத்து வந்தான்.

வாரத்தில் ஆறு நாள், காலை எட்டு மணியிலிருந்து இருட்டும்வரை, அங்கே தண்ணீர் ஓரத்துக் கம்பிவேலியை ஒட்டி இருபத்துமூன்று தள்ளுவண்டிகள் நிற்கும். குடை ரிப்பேர், செருப்புத் தையல், டீ, ஃபோன் கவர், பழைய புத்தகம் என்று வரிசையாக. அதில் ஒன்று அவனுடைய அண்ணியின் பழவண்டி. அண்ணன் செத்த பிறகு அவனுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்ததும் அந்த வண்டிதான். ஆக, 'தெரியாமல் விட்டுப்போச்சு' என்று அவன் வாயைத் திறக்க முடியாது. பசை தடவும்போதே தெரியும். நகக்கண் அளவில் இருபத்துமூன்று வண்டி செய்ய மூன்று நாள் பிடிக்கும், கையில் இருந்ததோ ஒரு நாள். படத்தில் இல்லையே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். சோம்பேறித்தனத்துக்குத் தொழில் தர்மம் என்று பேர் வைப்பது ரொம்பச் சுலபம்.

நகராட்சி பார்த்தது. இரண்டு மாதம் கழித்து அறிவிப்பு வந்தது. புது நடைபாதையில் ஏற்கெனவே இருந்த வியாபாரிகளுக்கு இடம் உண்டாம். ஆனால் ஒப்படைக்கப்பட்ட மாதிரியின்படி அந்தத் தெருவில் வியாபாரிகள் யாரும் இல்லையாம். ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமை கூட்டத்துக்கு வரலாம்.

அண்ணி அந்தத் தாளோடு நேராக அவன் பட்டறைக்கு வந்தாள். ஒரு கிண்ணம் நறுக்கிய பழமும் கொண்டுவந்திருந்தாள்.

"யாரு தம்பி இதைச் செஞ்சது? உன் தொழில்காரன் எவனோதானே? கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு அவனுக்கு?"

"நிறைய பேரு செய்யறாங்க அண்ணி. யாருன்னு சொல்ல முடியாது."

"எவனோ போகட்டும். நீ என்கூட வா. ஆபீஸ்காரங்க பேச்சு உனக்குத்தான் புரியும். நீ பேசினா எடுபடும்."

வருகிறேன் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இனி அந்தச் சோற்றைத் தின்னவும் வேண்டுமே! பழக்கிண்ணம் சாயங்காலம்வரை மேசையில் அப்படியே இருந்தது. அதைத் தொட அவனுக்கு வெட்கமாக இருந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டு வாங்கியவனும் திட்டியவனும் ஒருவனே என்பதால் பெரிதாக வலிக்கவில்லை.

புதன்கிழமை வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மேலே இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றதும் மற்றவர்கள் கீழே நின்றுகொண்டார்கள். மூன்றாம் மாடி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவன் செய்த தெரு இருந்தது.

அண்ணி ஃபோனில் இருந்த படங்களைக் காட்டினாள். அதிகாரி பொறுமையான மனிதர்; எல்லாவற்றையும் பார்த்தார்.

"அம்மா, இதெல்லாம் எப்ப எடுத்ததுன்னு கேள்வி வரும். இந்த மாடல் கையெழுத்தாகி வந்தது. கையெழுத்துப் போட்டவரே வந்து, நான் செஞ்சது தப்பு, வண்டிங்க இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தா மாத்தலாம். இல்லாட்டி என் கையில ஒண்ணுமில்ல."

அண்ணி எழுந்துபோய்க் கண்ணாடிமேல் குனிந்தாள். வளைந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். உடைந்த கம்பிவேலியைப் பார்த்தாள். வேலிக்குப் பக்கத்தில், ஒரு காது மடங்கிய நாய் சுருண்டு படுத்திருந்தது, அரிசி அளவில். அங்கேயே அவள் விரல் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி கேட்டார்.

அட்டைக்காரனின் கை தோள்வரை எழும்பியது. எழுதிக் கொடுத்தால் நிறுவனம் இனி வாசலில்கூடச் சேர்க்காது. பொய்க் கையெழுத்துக்காரன் என்று ஊர் முழுக்கப் பேர் பரவிவிடும். எழும்பிய கை அப்படியே போய்த் தலையைச் சொறிந்தது. தலையில் ஓர் அரிப்பும் இல்லை. அதிகாரி ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்.

படியிறங்கும்போது இரண்டாம் மாடி வளைவில் அவன் நின்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, அதைச் செஞ்சது நான்தான்."

"தெரியும். என் வண்டிக்கடியில படுக்கிற நாயை அந்தக் காதோட செஞ்சிருக்க. வேற எவனுக்குத் தெரியும் அந்தக் காது?"

"அது படத்துல இருந்துச்சு... வண்டி இல்ல." சொல்லும்போதே நாக்கு கூசியது.

"சரி."

"தெரிஞ்சும் நீங்க ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

இதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம். அவன் அழுதான், அழுகையும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ என்று சந்தேகம் வந்ததும் நிறுத்தினான்.

"இப்பவே மேல போய் எழுதிக் கொடுத்துடறேன் அண்ணி."

"போ, கொடு. கேட்டாலும் கேட்பாங்க, முடிஞ்சுபோச்சுன்னாலும் சொல்லுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. கீழ இருபத்திரண்டு பேரு நிக்கறாங்க. என் கொழுந்தன் வர்றான், அவன் பேசினா காரியம் ஆயிடும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். அவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கத் தொடங்கிவிட்டாள். அவனும் பின்னாலேயே போனான். படிக்கட்டின் அடியில் குடை ரிப்பேர்க்காரர்தான் முதலில் பார்த்தார்.

"தம்பி பேசிட்டாரா?"

அண்ணி சுவரோரம் நகர்ந்து அவனுக்கு வழிவிட்டாள்.