ஒரு சமக்குறி குறைவு

1

என் அக்காவின் ரகசியத்துக்கு விலை ஒரு சமக்குறி. பேரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவன் நான். மூன்று போட வேண்டிய இடத்தில் இரண்டோடு முடித்து, மிச்சம் பிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். கற்பனை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2

("மழை பெய்த ஒரு காலையில், பரிசோதனைக்கூடத்தின் வாசலில்—" அடித்துவிட்டேன். மழைக்கு இதில் வேலையில்லை.)

ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தின் இணையதளத்துக்கு, பிஎச்பி என்ற நிரல்மொழியில் உள்நுழைவுப் பகுதி எழுதியவன் நான். கொடுத்த கடவுச்சொல்லையும் இருக்கும் கடவுச்சொல்லையும் வாசல்காரன்போல ஒரு வரி ஒப்பிடும். வித்தியாசமில்லை என்றால் பூஜ்யம் என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் கதவு திறக்கும்.

நாங்கள் எழுதும் நிரலில் ஓட்டை தேடும் பக்கத்து மேசைச் சோதனைக்காரி நேற்று கூப்பிட்டாள்.

"அண்ணா, பாஸ்வேர்டு கேக்குற எடத்துல ஒரு சொல்லுக்குப் பதிலா லிஸ்ட் ஒண்ண அனுப்பினேன். உங்க வாசல்காரன் என்ன பண்ணினான் தெரியுமா?"

"திட்டித் தொரத்தியிருப்பான்."

"வாயே தொறக்கல. நீங்க அந்த மௌனத்தையும் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு உள்ள விட்டுட்டீங்க."

சந்தையில் மௌனம் சம்மதம். பழைய பிஎச்பியிலும் அப்படித்தான்: ஒப்பிடும் இடத்தில் இரண்டு சமக்குறி போட்டால், பதிலே வராத வெறுமையும் பூஜ்யமும் அதற்கு ஒன்று. மூன்று போட்டிருந்தால், 'நீ வேறு வகை, போ' என்றிருக்கும்.

3

(சோதனைக்காரி இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவள் அல்ல. அவள் உண்மையில் சொன்னது: "இது கோடிங்கா, சல்லடையா?")

சொல் அல்லாத எதையும் வாசலிலேயே நிறுத்தச் சொல்லி எழுதினோம். மூன்றாவது சமக்குறியும் போட்டாயிற்று. பிறகு யார் யார் நுழைந்தார்கள் என்று தளம் குறித்துவைக்கும் பதிவேட்டைப் புரட்டினோம். பட்டியலைக் காட்டி நுழைந்தது நான்கு முறை. மூன்று அவளுடைய சோதனை. நான்காவது, பன்னிரண்டு நாள் முந்தையது. யாரோ அப்படித் திறந்து பார்த்த கணக்கின் கைபேசி எண் எனக்கு மனப்பாடம்.

அக்காவுடையது.

4

(அக்காவை முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன். அவள் மார்பில் ஒரு கட்டி, கட்டிய கணவர், மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.)

இன்று காலை அவளே கூப்பிட்டாள்.

"டேய், எதையாவது மறைக்கிறியான்னு மாமா திடீர்னு கேக்குறாருடா. என் ரிப்போர்ட்ட வேற யாரும் பாத்திருக்க முடியாதுல்ல? நீ எழுதினதுன்னுதானே அங்க போனேன்."

முடிவு அ: "பாத்திருக்காங்கக்கா" என்று நான்—

முடிவு ஆ: "சேச்சே, யாரும்—"

இரண்டையும் அடித்துவிட்டேன். வாய் திறக்காமல் நின்றேன்.

"அப்பாடா! பயந்தே போயிட்டேன்டா" என்று வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிடுவதா என்பதை உங்களிடம் விடுகிறேன். கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்:

நுழைந்தது நான்கு. சோதனை மூன்று. ஆள் தெரியாதது ஒன்று.

நான் மிச்சம் பிடித்தது ஒரு சமக்குறி. அக்காவுக்குப் பாக்கி, ஒரு பதில்.