பொரோத்தோவின் சின்ன வீடு

“அது அந்த நாயே இல்லன்னு சொல்லிடலாம்.”

“காதப் பாருங்க ஒஸ்வால்தோ,” என்றாள் யஸ்னா. “பாதிக் காது. இந்த மலையில பாதிக் காதோட வேற எந்த நாய் இருக்கு?”

“கூடப் பொறந்ததா இருக்கும். ஒரே ஈத்து.”

“அதுக்கும் பாதிக் காதா?”

ரொட்டிக்கடை ஒஸ்வால்தோ ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கீழே நீட்டினார். நாய் அதை வாங்கி, எப்போதும் போல இரண்டாம் படிக்கட்டுக்குக் கொண்டுபோய் முன்னங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு தின்றது. செத்துப்போனதாக ஊரே அழுத பொரோத்தோதான் அது. சந்தேகமே இல்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தது. பின்னங்காலில் மயிர் மழித்துத் தையல் போட்ட தழும்பு. முதுகில் யாரோ நீலத் துணியில் தைத்துப் போட்ட மேற்சட்டை. அதில் வெள்ளை நூலால் ‘டாக்டர்’ என்று எழுதியிருந்தது.

அடுத்த மலைக்காரர்களின் இணையக் குழுவில் யஸ்னா காலையிலேயே தேடிப் பார்த்துவிட்டாள். தேட வேண்டியதே இருக்கவில்லை, முதல் பக்கத்திலேயே இருந்தது. மருத்துவமனை வாசலில் படுப்பதால் அங்கே அதற்கு டாக்டர் என்று பெயராம். வண்டி மோதிக் கால் உடைந்ததும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அறுவை சிகிச்சை செய்ததும், ஒரு செவிலியின் வீட்டுச் சமையலறையில் அது மூன்று வாரம் கிடந்ததும் படம் படமாக இருந்தன. ‘நம்ம டாக்டர் எழுந்து நின்றார்!’ என்று ஒரு படம். ஆக, இந்த நாய்க்கு இரண்டு பெயர், இரண்டு மலை, இரண்டு சாப்பாட்டு வேளை. இரண்டு மலைக்கும் நடுவே ஒரு பள்ளம்தான். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்க இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலாயிரம் பேர் இருக்கும் குழுவை நடத்தும் அவளுக்கும் தோன்றவில்லை.

துறைமுக நகரமான வால்பரைசோவின் அந்த மேட்டில் பெரிய தீ பிடித்த வருடம் பன்னிரண்டு பேரோடு அவள் தொடங்கிய குழு அது. யார் வீட்டில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் படிக்கட்டில் புகை இல்லை, எந்தக் கிழவர் தனியாகக் கிடக்கிறார் என்று இரவு பகலாக எழுதினார்கள். தீ அணைந்த பிறகும் குழு அணையவில்லை. அதற்கு விதிகள் எழுதியவளும் அவள்தான். முதல் விதியை அக்கம்பக்கத்து மலைக்காரர்கள்கூட எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்: வாசலில் நின்று முகம் பார்த்துச் சொல்ல முடியாததை இங்கே எழுதாதே. இணையத்தில் எப்படிப் பேசிப் பழகுவது என்று சொல்லித்தரச் சொல்லி நூலகத்தில் அவளை அழைத்து மேடையேற்றினார்கள். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலின் ருசிதான் வினை. நீலக் கதவு வீட்டில் இருக்கும், எல்லோரும் மரியாதையாகத் ‘தோன்’ என்று அழைக்கும் எலியோதோரோ, மனைவி போன பிறகு தனக்குத் தூக்கமில்லை, நாய் தன் சன்னலுக்கு அடியில் குரைக்கிறது, அதன் படுக்கையைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா என்று குழுவில் கேட்டிருந்தார். கிழவருக்குத் தட்டச்சு வராது. நாலு வரிக்கு எவ்வளவு நேரம் எடுத்திருப்பாரோ. யஸ்னா ஒரு நொடியில் பதில் போட்டாள்: ‘பொரோத்தோவிடமிருந்தும் ஒரு மனு வந்திருக்கிறது. உங்கள் குறட்டையால் அதற்குத் தூக்கமில்லையாம்.’ ஊர் சிரித்தது. அடுத்த வாரம் நாயைக் காணோம். அவள் நீலக் கதவைப் படமெடுத்து, பெயர் எதுவும் போடாமல் எழுதினாள்: ‘பொரோத்தோவைக் கடைசியாகப் பார்த்த இடம். இனி ஒருவர் நிம்மதியாகத் தூங்கலாம்.’ அன்று அடுப்பில் சோறு தீய்ந்தது. இதயங்கள் ஏறுவதை அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கோரச் சாவு நடந்த இடத்தில் ஆத்மாவுக்கு ஒரு குட்டி வீடு கட்டிவைப்பது இந்த நாட்டு வழக்கம். அனிமிட்டா என்பார்கள். நீலக் கதவுக்குப் பக்கத்திலேயே, தகரக் கூரை போட்டு, நாய்க்கு ஒன்று எழும்பிவிட்டது. மெழுகுவத்தி, பிளாஸ்டிக் பூ, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். போன வாரம் யாரோ ‘கேட்டதைக் கொடுத்த பொரோத்தோவுக்கு நன்றி’ என்று ஒரு பலகையும் அடித்திருந்தார்கள்.

“பிரிச்சுப் போட்டுடலாம்ல?” என்றாள் யஸ்னா.

“அனிமிட்டாவயா? கை வெளங்காமப் போயிடும்மா.”

“உள்ள செத்தவன் யாரும் இல்லியே. இதோ ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கான்.”

“மெழுகுவத்தி ஏத்தியாச்சு, வேண்டியாச்சு. இனிமே அது அவனோடது இல்ல.” ஒஸ்வால்தோ கையிலிருந்த மாவைத் தட்டினார். கூடையைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த நீலக் கதவுக்காரரு ரொட்டி கேட்டு வந்தாரு. தீந்துபோச்சுன்னேன். கூடை நிறைய இருந்துச்சு. அவரு பாத்தாரு. வெறுங்கையோட திரும்பிப் போயிட்டாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பதிவ சத்தமில்லாம எடுத்துடு. ரெண்டு நாள்ல ஊரு மறந்துடும். நீ போய் மன்னிப்பு கேட்டா இந்தக் குழுவ அப்புறம் எவன் மதிப்பான்?”

சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று அவளும் காலையில் நினைத்தாள்தான். விரல் அந்தப் பொத்தான் வரை போனது. அப்போதுதான் பதிவுக்கு அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘ரொமினா குழுவிலிருந்து விலகினார்.’ தெற்கே புந்தா அரேனாசில் வேலை பார்க்கும் எலியோதோரோவின் மகள். ஊரின் மூடுபனிப் படம் போட்டால் முதலில் இதயம் போடுகிறவள் அவள்தான்.

தேநீர் வேளை. கடலிலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. யஸ்னா படியேறினாள். நாய் பின்னாலேயே வந்தது. வராதே என்று விரட்டினாள். அது கேட்கவில்லை. சன்னல்களில் முகங்கள் தெரிவதாக அவளுக்குத் தோன்றியது. அத்தனை சன்னலுக்குப் பின்னாலும் அவளுடைய ஆட்கள். நீலக் கதவில் யாரோ முட்டை எறிந்து காய்ந்த கறை. இதைக் குழுவில் வந்த படத்தில் அவள் பார்த்திருக்கிறாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது முதல் விதி நினைவுக்கு வந்தது. கையை இறக்காமல் தட்டினாள்.

எலியோதோரோ கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். அவளைப் பார்த்தார், பிறகு அவள் காலருகே பார்த்தார்.

“இவனா?”

“இவன்தான்.”

“டாக்டராயிட்டானா? பரவால்ல, படிச்சு முன்னுக்கு வந்துட்டான்.”

சிரிப்பு அவர் உதட்டோடு நின்றுவிட்டது. யஸ்னா வரும் வழியில் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னாள். தன்னால் நேர்ந்த மன உளைச்சலுக்கு வருந்துவதாகவும், சமூகத்தின் சார்பில்...

“நிறுத்துங்கம்மா. மேடையில பேசற மாதிரி இருக்கு.”

அவள் நிறுத்தினாள். நாலாயிரம் பேருக்கு ஒரு நொடியில் பதில் எழுதியவள் ஒரு கிழவர் முன்னால் வார்த்தை தேடினாள்.

“நான் தப்பு பண்ணிட்டேன், தோன் எலியோதோரோ,” என்றாள் கடைசியில். “எல்லாரும் சிரிக்கணும்னு பண்ணினேன். இன்னிக்கே குழுவுல எழுதிடறேன். என் பேரு போட்டு.”

“எழுதுங்க. எழுதணும்தான். ஆனா நான் அதுல இல்ல, வெளிய வந்துட்டேன். என் மகளும் இல்ல. யாருக்கு எழுதுவீங்க?”

நாய் குட்டி வீட்டை மோந்து பார்த்தது. யாரோ மத்தியானம் ஏற்றிய மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தனக்காக வைத்த கிண்ணத்தில் தலையை விட்டு, தனக்கான தண்ணீரைச் சளப் சளப்பென்று குடித்தது.

“என் மக எட்டு வயசுல ஒரு நாய்க்குட்டி வளத்தா,” என்றார் எலியோதோரோ. “குரைக்குதுன்னு நான்தான் அதக் கொண்டுபோய்த் துறைமுகத்துல விட்டேன். அப்ப நான் அப்படித்தான். அதனால நீங்க எழுதினத அவ உடனே நம்பிட்டா. ‘இன்னும் மாறலியாப்பா’ன்னு ஒரே ஒரு கேள்வி. அப்புறம் ஞாயித்துக்கிழமை போன் வரதில்ல. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல.”

யஸ்னாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாய் மூன்று சுற்றுச் சுற்றி, மெழுகுவத்தி வெளிச்சத்தில், தன் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் படுத்தது. தலையைப் பாதங்களில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தது.

“உங்க போன எடுங்க,” என்றார் அவர். “அவ நம்பர் நான் சொல்றேன். உங்க பேரப் பாத்தா எடுப்பா. நாயக் காட்டுங்க, நீங்களே சொல்லுங்க. எழுத வேணாம், பேசுங்க. இப்பவே, இந்த வாசல்லயே. நான் கேட்டுக்கிட்டு இங்கயே நிக்கறேன்.”