பதினேழாம் பெட்டி

எங்கள் கிடங்கிலிருந்து மாதம் ஒரு லாரி எல்லை தாண்டிப் போகும். அந்தப் பக்கம் சண்டை. நான் மருந்துப் பெட்டி கட்டுகிறவள். பெட்டிக்கு நாற்பது பேண்டேஜ் சுருள், மேலே என் எண் பதினேழு. கடிதம், பெயர், கிறுக்கல் எதுவும் உள்ளே போகக் கூடாது. நம் அரசு இரண்டு தரப்புக்கும் பொதுவாம். அதனால் நாங்களும் ஊமையாக இருக்க வேண்டுமாம்.

பெட்டி போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் என் தங்கை நர்ஸ். போன் இருந்தபோதே என் எண்ணை அவளிடம் சொல்லியிருந்தேன். போன் அறுந்து எட்டு மாதம். திரும்பி வரும் ரசீதில் முத்திரை மட்டும் இருக்கும், கையெழுத்து இருக்காது. ஆனால் பதினேழாம் பெட்டிக்கு மட்டும் ‘குறைவு’ கட்டத்தில் மாதாமாதம் ஒரு ‘1’.

நான் மூன்று தடவை எண்ணிக் கட்டுகிறவள். குறையவே குறையாது. சின்ன வயதில் எதைப் பங்கு போட்டாலும், தங்கை கை நிறைய வைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணு கொறையுதுக்கா" என்பாள். அந்த ‘1’தான் அவள் உயிரோடிருக்கிற சேதி.

ஒரு நாள் வெளியுறவுத் துறை அதிகாரி வந்து ரசீதுகளை மேசையில் விரித்தார்.

"வழியில எவனோ திருடுறான், இல்லன்னா நீங்க. இன்னொரு தடவை கொறைஞ்சா அந்த ஆஸ்பத்திரிக்கு லாரியே கிடையாது."

"ஒரு சுருளுக்காகவா சார்?"

"சண்டைக்காரங்க கைக்குப் போகுதும்பாங்கம்மா. யாரு பதில் சொல்றது?"

விளையாட்டு வினையானது. இனி ‘1’ போடாதே என்று அந்தப் படுபாவியிடம் எப்படிச் சொல்வேன்?

மருந்துக் கடையில் ஒரு சுருள் வாங்கி வந்து, நாற்பத்தொன்றாக வைத்துக் கட்டினேன். எங்கள் வீட்டுச் சட்டம் அது. அவள் சிணுங்கினால் அம்மா என் பங்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்வாள்: "வாங்கிக்கிட்டேல்ல? இனிமே வாயத் தொறக்கக் கூடாது."

ரசீது வந்தது. குறைவுக் கட்டம் காலி. அவள் உயிரோடு இல்லையோ? பக்கத்தில் ‘கூடுதல்’ கட்டத்தைப் பார்த்தேன். அதுவும் காலி. வேறு யாராயிருந்தாலும் அங்கே ‘1’ போட்டிருப்பார்கள். கூட ஒன்றை வாங்கிக்கொண்டு கமுக்கமாக இருக்க அவளால்தான் முடியும்.

"கண்டிச்சதும் சரியாயிடுச்சு பாத்தீங்களா?" என்றார் அதிகாரி. தலையாட்டினேன்.

லாரி போகிறது. மாதாமாதம் நாற்பத்தொன்று வைக்கிறேன், இரண்டு கட்டமும் காலியாக வருகின்றன. அதைப் பார்த்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனாலும், ஒரே ஒரு தடவை அவள் குரலில் அந்தப் பழைய சிணுங்கலைக் கேட்க வேண்டும். அக்காவுக்குத்தான் இப்ப ஒண்ணு கொறையுதுடி.